படம்தானே, பேசாமப் பாரு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகள் இன்னும் தொட்டிக்குப் போகவில்லை. கூடத்தில் 'மின்னல் முரளி' ஓடிக்கொண்டிருக்கிறது, தமிழில். அப்பா சோபாவில் அரைத் தூக்கம், அம்மா கையில் போன். எட்டு வயதுப் பையன் தரையில் குப்புறப் படுத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான். ஒரே ராத்திரியில் இரண்டு பேர் மேல் மின்னல் விழுகிறது. தையல்காரன் ஜெய்சனுக்குச் சக்தி வருகிறது. டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவுக்கும் அதே சக்தி வருகிறது. ஒருவன் ஊரைக் காப்பாற்றுகிறான், இன்னொருவன் ஊரை அழிக்க வருகிறான். பையன் தலையைத் திருப்பிக் கேட்கிறான்: "ரெண்டு பேர் மேலயும் ஒரே மின்னல்தானே விழுந்துச்சு? அப்புறம் ஏன் இவன் மட்டும் கெட்டவனாயிட்டான்?"

நம் எல்லோர் வீட்டிலும் இதற்குப் பதில் ஒன்றுதான். "அவன் வில்லன்டா. படம்தானே, பேசாமப் பாரு."

பேசில் ஜோசப் எடுத்து 2021 டிசம்பரில் வந்த அந்தப் படம் முழுக்க அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. ஷிபுவைப் பைத்தியம் என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு பெண்ணுக்காக அவன் வருஷக்கணக்கில் காத்திருந்தது யாருக்கும் பொருட்டில்லை. கையில் சக்தி வந்த பிறகும் அவன் ஆசைப்படுவது நாலு பேரைப் போல ஒரு வாழ்க்கைக்குத்தான். ஊர் அதற்கும் விடவில்லை. கூத்துப்பட்டறையில் வளர்ந்த நம் குரு சோமசுந்தரம் அந்த வேடத்தில் உடைந்து அழும்போது பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும். அங்கே ஒரு குழந்தை வில்லனுக்காகக் கலங்கினால், படம் அதற்குச் சரியாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். நம் பிள்ளையின் வகுப்பிலும் யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பையன் இருப்பான். அந்தப் பையனைப் பற்றி நம் பிள்ளை இதுவரை நம்மிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். அன்றைக்கு மத்தியானம் பேசியிருப்பான். நாம் இடம் கொடுத்தோமா?

பள்ளி வாசலில் பிள்ளைகளை அழைத்துப்போகக் காத்து நிற்கும்போது நமக்குள் அடிக்கடி வரும் பேச்சு இது: "சூப்பர் ஹீரோ படத்துல எதுக்குங்க அரசியல்? குழந்தைங்க ஜாலியா பார்த்துட்டு வரட்டுமே." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அரசியல் அந்தக் கதைகளுக்குள் நேற்றா நுழைந்தது? 1938-இல் சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். முதல் கதையிலேயே சூப்பர்மேன், மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்துச் சுவரில் மோதவிடுகிறான். கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1941 மார்ச் என்று தேதியிட்டு வந்தது. அட்டையில் அவன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்கியதோ அந்த வருஷம் டிசம்பரில். அப்படி வரைந்ததற்காக ஜோ சைமனுக்கும் ஜாக் கிர்பிக்கும் மிரட்டல்கள் வந்தன. தெரிந்தேதான் வரைந்தார்கள்.

இது நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. 1952-இல் 'பராசக்தி' வந்தபோது நம் தாத்தா பாட்டிகள் வசனம் கேட்கத்தான் கொட்டகைக்குப் போனார்கள். திரையில் குடிக்காத, புகைக்காத எம்.ஜி.ஆரை நம்பி 1977-இல் அவரை முதலமைச்சர் ஆக்கியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். சினிமாவையும் அரசியலையும் ஒரே இலையில் பரிமாறிச் சாப்பிட்ட ஊர் இது. அப்படியிருக்க, அரசியல் வேண்டாம் என்று நாம் தள்ளுவது எதை? குழந்தை கேட்கும் கேள்வியையா?

'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' 2018-இல் வந்தது. உயிர்கள் பெருகிவிட்டன, இருப்பது எல்லோருக்கும் போதாது, பாதியை அழித்தால் மீதிப் பாதி நிம்மதியாக வாழும் என்பது அதில் வரும் வில்லன் தானோஸின் கணக்கு. அவன் விரலைச் சொடுக்கியதும் பாதிப் பேர் தூசியாக உதிர்கிறார்கள். ஸ்பைடர்மேன் உதிரும்போது விசும்பிய குழந்தைகளை நாம் பார்த்திருக்கிறோம். படம் முடிந்து, பார்க்கிங்கில் வண்டியை எடுக்க முடியாமல் நிற்கும்போது நம்மில் ஒருவர் சொல்வோம்: "தானோஸ் சொன்னது கரெக்ட்தான். இந்த ஜனத்தொகையை எப்படித் தாங்குறது?" கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். பின் சீட்டிலிருந்து குரல் வரும். "எந்தப் பாதி சாகணும்னு யாரு முடிவு பண்றது? நாம எந்தப் பாதி?"

இதற்குப் பதில் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வட மாநிலங்கள் பலவற்றில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட ஆள் பிடித்துவர இலக்கு கொடுத்தார்கள். கட்டாயத்தில் சிக்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாதவர்கள். கூட்டம் அதிகம், குறைக்க வேண்டும் என்று மேலே ஒருவர் முடிவு எடுத்தால் கீழே யார் மேல் கை விழும் என்பதை நம் நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த விவரமெல்லாம் வேண்டாம். "இப்படி யாராவது முடிவு பண்ணா, எப்பவும் இல்லாதவங்கதான் மாட்டுவாங்க. அதனாலதான் தானோஸ் செய்றது தப்பு" என்று சொன்னால் போதும். இரண்டு வரி. அதைச் சொல்ல நமக்கு ஏன் வாய் வரவில்லை? சற்று முன்புதான் தானோஸ் பக்கம் தலையாட்டினோம் என்பதாலா?

'பிளாக் பாந்தர்' படத்தில் வில்லன் கில்மாங்கர் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பேசும் காட்சி உண்டு. ஆப்பிரிக்கப் பொருட்களெல்லாம் உங்கள் முன்னோர் கைக்கு எப்படி வந்தன, விலை கொடுத்தா வாங்கினார்கள் என்று அங்கே இருக்கும் பெண்மணியை மடக்குவான். தியேட்டரில் மகள் அம்மாவின் கையைச் சுரண்டுகிறாள்: "அது அவங்களோடதுன்னா இவங்க ஏம்மா வெச்சிருக்காங்க?" பாப்கார்ன் டப்பா கைமாறுகிறது. கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடு போன நடராஜர், ஆஸ்திரேலியாவில் கான்பராவின் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிப் பொருளாக நின்றார். 2014-இல்தான் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். படத்தில் எழுந்த கேள்வி அரியலூரிலும் எழுந்ததுதான். இதைச் சொல்வதற்கு நாம் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் ஒரு மின்சார ரயில் தூரம். போனோமா?

2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் பொராவியா என்ற கற்பனை நாடு, பக்கத்திலிருக்கும் ஜர்ஹான்பூர் மேல் படையெடுத்து வருகிறது. ஆயுதம் இல்லாத ஜனங்களுக்கு நடுவில் ஒரு சிறுவன் சூப்பர்மேன் சின்னம் போட்ட கொடியை உயர்த்துகிறான். அது காஸாவா, உக்ரைனா என்று உலகம் முழுக்கப் பெரியவர்கள் சண்டை போட்டார்கள். நாம் 2009-இல் முள்ளிவாய்க்கால் செய்திகளைப் பார்த்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த தலைமுறை. அந்தப் பையன் யாருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான் என்று நம் பிள்ளை கேட்டால் அதற்குப் பதில் சொல்ல நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்?

கேட்டதற்குப் பதில் சொல்லாத நாம், கேட்காத ஒன்றை மட்டும் ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறோம். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

வீட்டு விசேஷம். பந்தி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு வயதுக் குழந்தையை நடுவில் ஸ்டூலில் ஏற்றி நிறுத்துகிறோம். "செல்லம், நீ யாரு ஃபேன்? சொல்லு." குழந்தை ஒரு நடிகரின் பெயரைச் சொல்கிறது. ஒரு பக்கம் கைத்தட்டல். இன்னொரு பக்கம் பெரியப்பா, "அப்படின்னா உனக்கு என்கிட்ட சாக்லேட் கிடையாது போ" என்கிறார். விளையாட்டுக்குத்தான். ஆனால் அந்த நேரம் குழந்தையின் கண்ணைப் பாருங்கள். அப்பா முகம், பெரியப்பா முகம், மறுபடி அப்பா முகம் என்று போய்ப் போய் வரும். பிறகு மெல்ல, இன்னொரு நடிகரின் பெயரைச் சொல்லும். இப்போது அந்தப் பக்கம் கைத்தட்டல். கூட்டத்துக்குத் தகுந்தபடி வாயை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை, எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்னாலேயே அதற்கு நடத்தி முடித்துவிட்டோம். இதே குழந்தை நாளைக்குச் சொந்தக் கருத்து சொல்ல வேண்டும் என்று எந்த முகத்தோடு எதிர்பார்க்கிறோம்?

மூன்றாம் வகுப்புக்குப் போனதும் இது வளர்கிறது. பள்ளி வேனில், "உங்க ஆளு படம் ஊத்திக்கிச்சு" என்று ஆரம்பித்துச் சட்டைப் பட்டன் அறுபடுவது வரை போகிறது. முதல் நாள் வசூல் எத்தனை கோடி என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது. எங்கிருந்து தெரியும்? இரவுச் சாப்பாட்டின்போது நாம் பேசுவதுதானே? 2019-இல் 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது, அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தது சரியா தப்பா என்று பெரியவர்கள் நாள்கணக்கில் மல்லுக்கு நின்றோம். அயர்ன்மேன் எதற்காக உயிரைக் கொடுத்தான் என்று வீட்டில் யாரும் பேசவில்லை.

அதே வருஷம் மார்ச்சில் 'கேப்டன் மார்வெல்' வந்தது. ஒரு பெண் கதாநாயகி என்பதால், படம் வெளிவரும் முன்பே, பார்க்காமலே அதைத் தாழ்த்தித் தள்ள ஒரு கூட்டம் இணையத்தில் கிளம்பியது. படங்களுக்கு மதிப்பெண் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம், வெளிவராத படத்தைப் பார்க்க எத்தனை சதவீதம் பேருக்கு ஆர்வம் என்று காட்டும் வசதியையே எடுத்துவிட்டது. அந்தக் கூட்டம் முகம் தெரியாதது. நம் வீட்டுக் கூடத்தில் மகனிடம் "அது பொண்ணுங்க படம்டா, வேற போடு" என்றவர்கள் நாமேதான். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆண்டு விழா வருகிறது. வாடகைக்கு எடுத்த ஸ்பைடர்மேன் உடை, முகமூடிக்குள் மூச்சு முட்டுகிறது. குழந்தை கழற்றப் பார்க்கிறது. "ஒரு நிமிஷம் கண்ணா, வீடியோ எடுத்துக்கறேன்." அடுத்த மாதம் அதே குழந்தையின் தோளில் கட்சித் துண்டு. தலைவர் மாதிரிக் கையசைக்கச் சொல்லி ரீல்ஸ் எடுக்கிறோம். அந்தத் தலைவர் என்ன சொல்கிறார், எதற்காகப் போராடுகிறார் என்று குழந்தைக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமா? தெரிந்தால் அதை ஒரு நாளாவது எடுத்துச் சொல்லியிருக்கிறோமா?

இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். யார் பொறுப்பு என்பதை விசாரணைகள் சொல்லட்டும். பிள்ளையை இழந்த எந்தப் பெற்றோரையும் நோக்கி விரல் நீட்ட நமக்கு உரிமை கிடையாது. தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் பிள்ளை ஆசை தீரப் பார்க்கும் என்ற அன்பில்தான் அவர்கள் போயிருப்பார்கள். நாமும் அந்தப் பக்கம் இருந்திருந்தால் போயிருப்போம். அதனால்தான் இது நம் எல்லோரையும் உறுத்த வேண்டும். அந்த ஆசையைப் பிள்ளைக்குள் வைத்தது யார்? மூன்று வயதில் தானாக முளைத்ததா அது? அந்தச் செய்தி வந்த ராத்திரி நம் பிள்ளைகள் தூங்காமல் கேட்டார்கள், "ஹீரோ ஏன் காப்பாத்தலை?" என்று. சினிமாவில் வருகிறவர் வேறு, நெரிசலில் நசுங்குகிற கூட்டம் வேறு என்பதை அதற்கு முன் ஒரு நாளும் நாம் பிரித்துச் சொல்லவில்லை. அன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில், யார் சதி, யார் தப்பு என்று கட்சி கட்டிக்கொண்டுதான் பேசினோம். குழந்தை நடுவில் உட்கார்ந்திருந்தது.

தியேட்டரில் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். திரையில் அரிவாள் இறங்கும் காட்சி வரும்போது, திரையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சீட்டுக் குழந்தையைக் கவனியுங்கள். அது திரையைப் பார்க்காது. நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் விசில் அடித்தால், இது சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று குறித்துக்கொண்டு அதுவும் கை தட்டும். திரையில் வெட்டுப்படுகிறவனின் நிறம், பேச்சு, தெரு, சாதி எதுவாக இருந்தது என்பதும் சேர்ந்தே மனதில் பதியும். இப்படி எத்தனை படம்?

எந்த வயதுக்கு எந்தப் படம் என்று சொல்லும்படி சினிமாச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு யுஏ என்ற ஒரே சான்றிதழ், 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்தது. போஸ்டரில் அந்தக் குறிப்பு இருக்கிறது, பார்க்கிறோமா என்பது வேறு. இந்த வயதுக் குறிப்பை வைத்துத் தியேட்டர்காரர் யாரையும் தடுக்க வேண்டியதில்லை. முடிவைச் சட்டம் நம் கையில் கொடுத்திருக்கிறது, பெற்றோர் யோசிப்பார்கள் என்று நம்பி. ஏ சான்றிதழ் அப்படி இல்லை, பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அனுமதியே கிடையாது. 2025 ஆகஸ்ட்டில் 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தபோது, பிள்ளைகளோடு போனவர்களைச் சில தியேட்டர்களில் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஊழியரிடம் நாம் சத்தம் போட்டோம். "குழந்தைக்கு என்னங்க தெரியப்போவுது, தூங்கிடும்" என்றோம். முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் நம்முடையது. அதற்கு எதற்குக் குழந்தையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்? வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற கஷ்டம் நிறையப் பேருக்கு உண்டு, எனக்கும் உண்டு. அப்படியானால் இரண்டு வாரம் கழித்து ஒருவர் மாற்றி ஒருவராகப் போய் வரலாம். படம் எங்கேயும் ஓடிப்போகாது.

நான் படம் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், நிறையப் பாருங்கள். முடிந்து வெளியே வரும்போது, நம் தீர்ப்பைச் சொல்ல ஒரு பத்து நிமிஷம் பொறுப்போம். "மொக்கை", "மாஸ்", "தேவையில்லாத அரசியல்" என்று நாம் முதலில் சொல்லிவிட்டால் குழந்தை அதையே திருப்பிச் சொல்லும், சொந்தமாக ஒன்றும் வராது. யாரைப் பார்த்தால் பாவமாக இருந்தது, எந்த இடத்தில் பயமாக இருந்தது, நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, அது யோசித்துத் திக்கித் திக்கிச் சொல்லும்வரை போனை எடுக்காமல் இருக்கலாம். நமக்குப் பிடிக்காத பதில் வந்தால் திருத்த அவசரப்பட வேண்டாம். நமக்குத் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து தேடலாம். நம் கட்சி ஒன்று, நம் மனதுக்குப் பிடித்த நடிகர் ஒருவர் இருக்கட்டும். அதற்கான காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்வோம், அடையாள அட்டையை மட்டும் அதன் கழுத்தில் மாட்டாமல் இருப்போம்.

அடுத்த விசேஷத்தில் மறுபடியும் யாராவது ஒரு மாமா அந்த ஸ்டூலை இழுத்துப் போடுவார். "செல்லம், நீ யாரு ஃபேன்?" என்பார். அப்போது குழந்தையை முந்திக்கொண்டு நாம் பேசுவோம். "அவ இன்னும் எல்லாத்தையும் பார்த்துட்டிருக்கா மாமா. கடைசியா பார்த்த படத்துல அவளுக்கு என்ன சந்தேகம் வந்துச்சுன்னு வேணா கேளுங்க."